பழைய ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? டோக்கன் கொடுப்பதற்கு முன் ஒரு முழு வழிகாட்டி

வீடு பார்க்கப் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே புரோக்கர் ஆரம்பித்துவிட்டார். "சார், இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. ஒரு ஐம்பதாயிரம் டோக்கன் போட்டு வெச்சுடுங்க. பேப்பரெல்லாம் அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்." நான் போனில் ஜிபே வரைக்கும் போய்விட்டேன். என் மனைவிதான் பக்கத்தில் நின்றுகொண்டு, "மொதல்ல ஜெராக்ஸ் குடுங்கண்ணே, பாத்துட்டுச் சொல்றோம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தால் எங்களுக்கு மிச்சமானது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையில் ஏற்கனவே ஒருவர் குடியிருந்த ஃபிளாட்டை வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற ஒவ்வொன்றும் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் தப்பிப்போவது அதன் வரிசை. டோக்கன் கொடுக்கும் நிமிடம் வரைக்கும் ஓனர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். கொடுத்த மறுநாளிலிருந்து நீங்கள் அவர் பின்னால் அலைவீர்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அட்வான்ஸ் ஆறாவதாகத்தான் வருகிறது.

1. கையில் எவ்வளவு இருக்க வேண்டும்

விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம். ஆக 48 லட்சம் கடன், 12 லட்சம் உங்கள் கைக்காசு. பலரும் கணக்கை இதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

பத்திரப் பதிவுச் செலவு அந்த மதிப்புக்குள் வராது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. அறுபது லட்சத்துக்கு அதுவே 5 லட்சத்து 40 ஆயிரம். பில்டரிடமிருந்து முதல்முறை வாங்கும் ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து தீர்வை குறைவு (50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம்). கைமாறும் பழைய ஃபிளாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்பதும் உண்மைதான், ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். சென்னையில் அந்த விலைக்கு ஃபிளாட் எங்கே இருக்கிறது?

புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ், பெயின்ட், குழாய் மாற்றுவது எல்லாம் சேர்த்தால் 20 லட்சம் கையில் இல்லாமல் 60 லட்சம் வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள். 48 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் கிட்டத்தட்ட ஒரு கோடி. தனிநபர்கள் வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்பது ஒரு ஆறுதல்.

2. வீட்டுக்கு முன் தெரு

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று ஏரியா பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே ஏரியாவில் ஒரு தெரு முழங்கால் ஆழம், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும்.

ஓனரிடம் கேட்டால் "இங்கெல்லாம் தண்ணியே வராது சார்" என்பார். முக்கில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம் கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. காம்பவுண்ட் சுவரில் பெயின்ட் ஓர் உயரம் வரை மட்டும் புதிதாக இருக்கிறதா, கீழே ஈபி மீட்டர் பெட்டியைப் பிடுங்கி மேலே ஏற்றிப் பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். மீட்டர் தலைக்கு மேல் இருந்தால் அது சும்மா ஏறியிருக்காது. முடிந்தால் ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் ஒருமுறை போய்வாருங்கள்.

"மெட்ரோ வரப்போகுது" என்பதற்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள். வந்த பிறகு சந்தோஷப்படுங்கள்.

3. வீட்டுக்குள்

பகலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. கடைசி மாடி என்றால் ஏப்ரல், மே மாதத்தில் மூன்று மணி வெயிலில் போய், மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்தச் சுவர் சூட்டைக் கக்கும்.

ஓதம்தான் பழைய ஃபிளாட்டின் பெரிய வியாதி. பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், பெட்ரூம் அலமாரியின் உள்மூலை, மேல்வீட்டுப் பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கும் உங்கள் கூரை, இந்த மூன்று இடங்களிலும் உப்புப் பூத்திருக்கிறதா, சுண்ணாம்பு உதிர்கிறதா என்று பாருங்கள். காலி வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவர்தான் குற்றவாளி. தரை டைல்ஸை ஐந்து ரூபாய்க் காசால் தட்டுங்கள். டொக்கென்று வெற்று ஒலி வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை. கடலோரமாக இருந்தால் பால்கனி அடிப்பாகத்தில் கம்பி துருப்பிடித்து சிமென்ட்டைத் தள்ளியிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். அந்த ரிப்பேர் உங்கள் வீட்டோடு முடியாது, மொத்தக் கட்டடத்துக்கும் வரும்.

போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வாயில் வைத்துப் பாருங்கள். ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி முழுக்க வைத்தால் இரும்பு இருக்கிறதா என்பது அடியில் தெரிந்துவிடும். மே மாதத்தில் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள் என்பதற்கு அசோசியேஷன் செக்ரட்டரியிடம் நோட்டு இருக்கும். பராமரிப்புப் பாக்கி எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதும் அதே நோட்டில் இருக்கும்.

4. பத்திரங்கள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

கேட்டு வாங்க வேண்டிய நகல்கள்: ஓனரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள் (தாய்ப் பத்திரம் என்றும் சொல்வார்கள்), கட்டட அனுமதி வரைபடம், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டுப் பகுதி, கடைசி சொத்து வரி ரசீது, ஈபி கார்டு. நகலே தரத் தயங்குபவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் அசலையும் கண்ணால் பார்க்க வேண்டும். "பேங்க் லாக்கர்ல இருக்கு" என்றால் லாக்கரிலிருந்து எடுத்து வரட்டும். அடமானத்தில் இருக்கும் பத்திரங்களும் பலமுறை லாக்கரில்தான் இருக்கும், வேறொருவருடைய லாக்கரில்.

வில்லங்கச் சான்றை ஓனர் தருவதை நம்ப வேண்டாம், நீங்களே எடுங்கள். பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் அங்கே கிடைக்கும், அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்க வேண்டும். குறைந்தது 30 வருஷத்துக்கு எடுங்கள். சர்வே எண்ணை வைத்து ஒருமுறை, ஆவண எண்ணை வைத்து ஒருமுறை தேடுங்கள். உட்பிரிவு மாறிய நிலங்களில் பழைய எண்ணில் ஒரு கதையும் புது எண்ணில் இன்னொரு கதையும் இருக்கும்.

ஈசி என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டும்தான். பதிவாகாத உயில், கோர்ட்டில் நடக்கும் வழக்கு, பத்திரத்தை அப்படியே ஒப்படைத்து வாங்கிய பதியாத கடன், இவையெல்லாம் அதில் வராமல் போகலாம். "வில்லங்கம் இல்லை" என்று காகிதத்தில் இருப்பதைப் பார்த்து சந்தோஷப்படுவது பாதி வேலைதான். ஓனர் பெயரிலும் அவருக்கு முந்தையவர் பெயரிலும் நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் தளத்தில் வழக்குத் தேடல் போடுங்கள்.

அடுத்தது நிலத்தின் வகை. கிரயப் பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வருவாய்த் துறைக் கணக்கில் அந்த சர்வே எண் புறம்போக்கு, அனாதீனம் (உரிமையாளர் இல்லாத நிலம்), கோயில் நிலம், வக்ஃபு என்று இருந்தால் வேலைக்கு ஆகாது. சென்னையில் பல ஃபிளாட்களுக்குப் பட்டா இன்னும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பெயர் உங்கள் மூலப் பத்திரத்தில் எங்கேயாவது வர வேண்டும். வராவிட்டால் நடுவில் ஒரு சங்கிலிக் கண்ணி காணவில்லை என்று அர்த்தம்.

இனி எங்கள் கதை. நாங்கள் பார்த்தது குரோம்பேட்டைப் பக்கம் இரண்டாவது மாடி வீடு. ஓனரின் அப்பா 1994-இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அப்பா 2008-இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். 2015-இல் அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து ஓனருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பதிவும் செய்திருந்தார்கள். ஈசியில் எல்லாம் வரிசையாக இருந்தது. எனக்குப் பார்க்க மிகச் சுத்தமான கேஸ்.

வக்கீல் வாரிசுச் சான்றின் நகலை மேசை விளக்குப் பக்கம் நகர்த்தி வைத்து, பேனா முனையால் நாலாவது வரியைத் தொட்டார். "இது யாரு?" மனைவி, மகன், மகள், அதற்குக் கீழே இன்னொரு பெண்ணின் பெயர். உறவுமுறை: தாயார். இறந்தவரின் அம்மா, அதாவது ஓனரின் பாட்டி. மகன் போனபோது பாட்டி உயிரோடு இருந்திருக்கிறார். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக பாட்டிக்கு நாலில் ஒரு பங்கு.

பாட்டி 2013-இல் காலமானார், அவரும் உயில் எழுதவில்லை. "அவங்கதான் இப்ப இல்லையே" என்றார் ஓனர், உண்மையாகவே புரியாமல். பாட்டி போனாலும் பங்கு போகாதே. தாத்தா முன்பே போய்விட்டதால், அந்தக் கால் பங்கு பாட்டியின் நாலு பிள்ளைகள் வழியாகப் பிரிந்தது: ஓனரின் இரண்டு அத்தைகள், ஒரு சித்தப்பா, இறந்துபோன அப்பாவின் வழியில் ஓனரும் தங்கையும். வெளியே இருந்த மூன்று பேருக்கும் சேர்த்துப் பதினாறில் மூன்று பங்கு. 60 லட்சம் விலையில் 11 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். நாங்கள் வாங்கிக் குடியேறி, பத்து வருஷம் கழித்து யாராவது ஒரு அத்தையின் மகன் கணக்குப் போட்டிருந்தால்?

ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்திருந்தால் அந்த மூன்று கையெழுத்துக்கும் நாங்கள்தான் அலைந்திருப்போம். கொடுக்காததால் ஓனர் அலைந்தார். பத்து வாரம் ஆயிற்று.

இறப்பு வழியாக வந்த சொத்து என்றால் ஒரு தாளில் குடும்ப மரத்தை வரையுங்கள். யார், எப்போது இறந்தார், அந்தத் தேதியில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று ஒவ்வொருவராக எழுதுங்கள். (நான் சொன்ன கணக்கு இந்துக்களுக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு, பங்கும் வேறு.) பூர்வீகச் சொத்தில் மகள்களைக் கல்யாணமாகிப் போனவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டத் திருத்தம் வந்தது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. வாரிசுகளில் ஒருவர் 18 வயதுக்குக் கீழ் இருந்து, கோர்ட் அனுமதி இல்லாமல் அவர் பங்கையும் சேர்த்து விற்றிருந்தால், மேஜரான மூன்று வருஷத்துக்குள் அவர் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம்.

ஓனர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து ஒரு பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் கூடுதல் கவனம். பவர் கொடுத்தவர் இறந்த நிமிடம் பவரும் இறந்துவிடும். அவருடைய உயிர்வாழ் சான்றைக் கேளுங்கள், முடிந்தால் அவரிடமே வீடியோ காலில் பேசுங்கள். பவர் பத்திரத்தையே கிரயம் மாதிரி கைமாற்றி வாங்கியவருக்கு உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வக்கீலை நீங்களே பிடியுங்கள். பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்கின் கடன் திரும்புமா என்பதை. புரோக்கர் காட்டும் வக்கீல் பார்ப்பது அடுத்த கேஸ் வருமா என்பதை.

5. யூடிஎஸ்ஸும் வரைபடமும்

ஃபிளாட்டில் நாளாக ஆகக் கட்டடம் மதிப்பிழக்கும், மண் மதிப்பு கூடும். உங்களுக்குரிய மண் எவ்வளவு என்பதைச் சொல்வதுதான் யூடிஎஸ், பிரிக்கப்படாத பங்கு. இரண்டு கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி மனையில் 12 சம அளவு வீடுகள் என்றால் ஆளுக்கு 400 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 290 என்று இருந்தால் மிச்சம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். ஒன்று பில்டர் தன் கையில் வைத்திருப்பார், இல்லை என்றால் அனுமதியில்லாத ஒரு வீடு மொட்டைமாடியில் முளைத்திருக்கும்.

வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் தரைத்தளமும் இரண்டு மாடியும் இருந்து, கண்ணெதிரே மூன்றாவது மாடி நின்றால், அந்த மூன்றாவது மாடி வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கார் பார்க்கிங் இடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, வாய்ப் பேச்சா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அசோசியேஷன் சண்டைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

முப்பது வருஷக் கட்டடம் என்றால் இடித்துக் கட்டும் பேச்சு சீக்கிரம் வரும். முன்பு எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 2022-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் போதும். அப்போது உங்களுக்குக் கிடைக்கப்போகும் புது வீட்டின் அளவைத் தீர்மானிப்பது இந்த யூடிஎஸ்தான்.

6. இப்போது அட்வான்ஸ்

வக்கீல் சரியென்று எழுதிக் கொடுத்த பிறகு கிரய ஒப்பந்தம். அதைப் பதிவு செய்துவிடுங்கள், ஈசியில் ஏறும். மொத்த விலை, அட்வான்ஸ் தொகை, எத்தனை மாதத்தில் கிரயம், எந்தெந்த அசல் பத்திரங்கள் ஒப்படைக்கப்படும், லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். லோன் பற்றிய வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய கட்டடங்களுக்கு பேங்க் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போடுவது, தவணைக் காலத்தைச் சுருக்குவது எல்லாம் நடக்கும்.

ரொக்கம் கேட்பார்கள். "பத்திரத்துல நாற்பது, மீதி கையில" என்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. அதை விடுங்கள், கணக்கில் வராத பணத்துக்கு லோனும் கிடைக்காது, நாளைக்கு நீங்கள் விற்கும்போது நீங்கள் வாங்கிய விலையாகவும் அது நிற்காது.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்து, ஓனரின் பான் எண்ணில் வாங்குபவர்தான் கட்ட வேண்டும். விற்பவர்கள் இரண்டு மூன்று பேராக இருந்து ஆளுக்கு 50 லட்சத்துக்குக் கீழே வந்தாலும், மொத்த விலைதான் கணக்கு. ஓனர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு. அட்வான்ஸுக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

7. ஓனருக்கு லோன் பாக்கி இருந்தால்

பயந்து விலக வேண்டாம், இது தினமும் நடப்பதுதான். அவருடைய பேங்கிலிருந்து பாக்கி எவ்வளவு, என்னென்ன அசல் பத்திரங்கள் அங்கே இருக்கின்றன என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பேங்க் அந்தப் பாக்கிக்கான தொகையை நேராக அந்த பேங்குக்கே அனுப்பும். ஓனர் கையில் கொடுத்து "நீங்களே அடைச்சுடுங்க" என்று விடாதீர்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அடமான ரத்து ஆவணமும் பதிவாகி ஈசியில் ஏறியதா என்று பாருங்கள்.

8. பதிவு நாள்

வரைவுப் பத்திரத்தை இரண்டு நாள் முன்பே வாங்கி, ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் மூலப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். சர்வே எண், கதவு எண், செக்குபந்தி (நான்கு பக்க எல்லை), யூடிஎஸ், பெயர்களின் இனிஷியல். எங்கள் வரைவில் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தது. பதிவுக்குப் பின் கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம், மறுபடி ஓனர் கையெழுத்து, மறுபடி ஒரு நாள்.

அன்றைக்குக் காலையில் ஈசியை இன்னொருமுறை பாருங்கள். ஆதார், பான், இரண்டு சாட்சிகள், சாப்பிட ஏதாவது. பதிவு அலுவலகத்தில் உங்கள் டோக்கன் நேரம் பத்தரை என்று இருந்தாலும் மத்தியானம் ஆகலாம். போட்டோவும் கைரேகையும் முடிந்த பிறகுதான் மீதித் தொகைக்கான டிடி ஓனர் கைக்குப் போக வேண்டும், அதே நேரத்தில் அசல் பத்திரக் கட்டும் சாவியும் இந்தப் பக்கம் வர வேண்டும்.

9. பிறகு

சொத்து வரி, தண்ணீர் வரி, ஈபி மூன்றிலும் பெயர் மாற்றம், பட்டாவுக்கு விண்ணப்பம், அசோசியேஷனுக்கு ஒரு கடிதம். மெயின் கதவுப் பூட்டை மாற்றுங்கள். பழைய வாடகைக்காரர்கள் எத்தனை பேர் சாவி வைத்திருக்கிறார்கள் என்று ஓனருக்கே தெரியாது.

ஒரு மாதம் கழித்து ஈசியை மறுபடி எடுத்துப் பாருங்கள். நான் எடுத்தபோது எங்கள் கிரயம் கடைசியில் ஏறியிருந்தது. அதற்கும் ஒப்பந்தத்துக்கும் முந்தைய பதிவு ஒரு விடுதலைப் பத்திரம்: எழுதிக் கொடுத்தவர்கள் மூன்று பேர். அதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி ரயிலில் வந்த பெரிய அத்தை, சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மாவுக்கு அந்த வீட்டு பால்கனி ரொம்பப் பிடிக்கும்" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.